இனிஷியல் வைத்த ஊர்!

மனிதர்களுக்கு இனிஷியல் உண்டு. ஊருக்கு உண்டா?

உண்டு! விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் ஓர் ஊர் இனிஷியலோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பெயர் வ. புதுப்பட்டி.

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு புதுப்பட்டியில்தான் விழ வேண்டும். அதனால் பக்கத்திலிருக்கும் வத்திராயிருப்பைத் தகப்பனார் ஸ்தானத்தில் வைத்து, அதன் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டுவிட்டது இந்தப் புதுப்பட்டி. வெள்ளைக்காரன் வத்திராயிருப்பைச் சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கி, 'வாட்ராப்' என்று முடித்துக்கொண்டான். அதனால் இங்கிலீஷில் எழுதும்போது இது 'டபிள்யூ. புதுப்பட்டி'. ஒரே ஊருக்கு ரெண்டு இனிஷியல்!

போகிற வழி சுகமான வழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால், பதினோரு நிலை ராஜகோபுரம் வானத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஒரு கும்பிடு. கும்பிட்ட கையோடு அரை கிலோ பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா சார் இது! (நாலு வருஷம் படித்த பையனுக்குச் சான்றிதழால் பிரயோஜனமில்லை. அண்டாவில் பாலைக் காய்ச்சியதற்குச் சான்றிதழும் கிடைத்து, பிரயோஜனமும் கிடைத்துவிட்டது.)

அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ். மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் வரை வந்து, மெயின் ரோட்டை விட்டு ஒதுங்கினால் கண்ணுக்கு எதிரே மலைதான். வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அதற்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி சுந்தரமகாலிங்கத்தைப் பார்க்க தாணிப்பாறை அடிவாரத்தில் ஜனம் குவியும். மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு. இந்தப் பக்கம் பிளவக்கல் அணை.

அணைக்குப் பக்கத்தில்தான் கூமாபட்டி. 2025-ல் ஓர் இளைஞர் செல்போனில் "கூமாபட்டிக்கு வாங்க" என்று கூப்பிட்டாரே, அதே கூமாபட்டி! தமிழ்நாடே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. ஊர் அழகான ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் வீடியோவில் பார்த்த ஊர் கொஞ்சம் வேறு, நேரில் பார்த்த ஊர் கொஞ்சம் வேறு. வந்தவர்களுக்கு நஷ்டம் பெட்ரோல் காசு மட்டும்தான். செல்போனில் பார்த்ததை நம்பி, பெட்ரோல் காசுக்கு மேல் இழக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

நண்பர் வீட்டுக் காதுகுத்துக்காகப் போயிருந்தேன். குழந்தை அழுது முடித்து, நாங்கள் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையோடு டீக்கடை பெஞ்சுக்கு வந்தோம். பெஞ்சில் ஏற்கெனவே ரெண்டு பேர். ஒருவர் கத்தாரில் வேலை பார்த்துத் திரும்பிய கொத்தனார். இன்னொருவன் என் நண்பரின் அக்கா மகன். பி.இ. மெக்கானிக்கல் முடித்து ரெண்டு வருஷம்.

"என்ன தம்பி பண்றே?" என்று கேட்டேன். வேலையில்லாத பட்டதாரியிடம் கேட்கக்கூடாத கேள்வி இது ஒன்றுதான். அதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறோம்.

ஆனால் தம்பி முகம் சுளிக்கவில்லை. "பேங்காக் போறேன் சார்!" என்றான்.

சுற்றுவட்டாரத்தில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. கொஞ்ச தூரத்தில் சிவகாசி, பட்டாசும் பிரஸ்ஸும். ஆனால் தெருவுக்கு நாலு இன்ஜினீயர் இருக்கிற காலத்தில், அவன் எதிர்பார்க்கிற சம்பளத்துக்கும் மில்காரர் கொடுக்கிற சம்பளத்துக்கும் நடுவே சதுரகிரி அளவுக்கு ஒரு மலை நிற்கிறது. அதனால் கண் மலையைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போய்விடுகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் கப்பல் ஏறிய தமிழனுக்கு இது புதுசா என்ன?

"என்ன வேலைப்பா?"

"டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ் சார். மாசம் தொண்ணூறாயிரம். ரூம், சாப்பாடு ஃப்ரீ. இன்டர்வியூ வாட்ஸ்அப்லயே முடிஞ்சிருச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு நிமிஷம்."

"விசா?"

"டூரிஸ்ட்டா போய் இறங்கிட்டா, அங்க போய் ஒர்க் விசாவா மாத்திக் குடுத்துருவாங்களாம். சர்வீஸ் சார்ஜ் ஒன்றரை லட்சம். நாளைக்கு அம்மா சங்கிலிய பேங்க்ல வெச்சுக் கட்டணும்."

கொத்தனார் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"மருமகனே... உன் ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பர் என்ன?"

"அது... கேக்கல மாமா."

"கம்பெனி காண்ட்ராக்ட் பேப்பர்?"

"அங்க போய் சைன் பண்ணிக்கலாம்னாங்க."

"இன்சூரன்ஸ்?"

தம்பி சிரித்தான். "மாமா, அதெல்லாம் உங்கள மாதிரி லேபர் கேட்டகிரிக்கு. நமக்குத் தேவையில்ல. நான் ஈ.ஸி.என்.ஆர்.!"

கொத்தனாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் இருந்தது.

*

ஈ.ஸி.ஆர். என்றதும் மகாபலிபுரம் போகிற ரோடு என்று நினைத்துவிடாதீர்கள். இது பாஸ்போர்ட்டில் அச்சாகிற ஈ.ஸி.ஆர். பத்தாவது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போவதென்றால், 1983-ஆம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டப்படி அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இதற்கென்றே 'புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்' என்று ஓர் அதிகாரி. சென்னையிலும் ஆபீஸ் உண்டு.

நம் கொத்தனார் ஒன்பதாவதோடு புத்தகத்தை மூடியவர். 2019-ல் கத்தார் கிளம்பினார். என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே கேளுங்கள்:

"ஏஜென்ட் கவர்மென்ட்ல பதிஞ்சவரா இருக்கணும்னாங்க, சார். கம்பெனி பேரு, சம்பளம், வேலை நேரம் எல்லாம் போட்டு காண்ட்ராக்ட் கம்ப்யூட்டர்ல ஏறணும்னாங்க. இன்சூரன்ஸ் கட்டுன்னாங்க. ஒரு நாள் முழுக்க வகுப்பு வெச்சு, அந்த ஊர்ல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு பாடம் எடுத்தாங்க. என்னடா இது, பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு கேள்வி கேக்கலியேன்னு எரிச்சலா வந்துச்சு. அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது. ரெண்டாவது மாசமே ஓவர்டைம் காச இழுத்தடிச்சான். காண்ட்ராக்ட்ட எடுத்துக் காட்டுனேன். குடுத்துட்டான்!"

தம்பி பி.இ. அவனுக்கு இந்த அனுமதி தேவையில்லை. பாஸ்போர்ட்டை நீட்டினால் ஏர்போர்ட்டில் வழி விட்டுவிடுவார்கள். படித்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்! ஆனால் விளைவு என்ன? ஒன்பதாவது படித்தவர் கிளம்பும்போது நாலு பேர் அவர் பேப்பரைப் புரட்டிப் பார்க்கிறார்கள். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்தவன் கிளம்பும்போது ஒருத்தரும் பார்ப்பதில்லை. படிக்காதவருக்குக் கேள்வி கேட்க ஓர் ஆபீஸ் இருக்கிறது. படித்தவன் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அவன்தான் கேட்பதே இல்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்!

மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் வேலை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் கொடுத்து, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்றது. எந்தப் பதவிப் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது. டிஜிட்டல் சேல்ஸ் அண்டு மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்!

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. 2022 அக்டோபரில் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் விமானப் படை விமானங்களை அனுப்பி, ரெண்டு நாளில் 549 இந்தியர்களை மீட்டு வர வேண்டியிருந்தது. டூரிஸ்ட்டாகப் போனவர்களை ராணுவ விமானத்தில் கூட்டி வருவது என்பது எந்தப் பேக்கேஜ் டூரிலும் கிடையாது.

இதை நான் சொல்லச் சொல்ல, தம்பி செல்போனில் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்திலிருந்த பேங்காக் மெல்ல மெல்ல இறங்கியது.

"அப்ப நாங்க வெளிநாடே போகக் கூடாதா சார்?" என்றான். குரலில் கோபம்.

நியாயமான கோபம். 'போகாதே' என்று சொல்ல யாரால் முடியும்? டீக்கடைக்கு எதிரே கம்பீரமாக நிற்கிற மாடி வீடே வளைகுடாப் பணம்தானே!

*

போகலாம். நேர் வழிகள் நிறைய இருக்கின்றன. அந்த வழிகளுக்குள் ஓர் ஒற்றுமை, வேலை விசா என்பது கடையில் விலை கொடுத்து வாங்குகிற சரக்கு அல்ல. பெரும்பாலான நாடுகளில் உங்களுக்காக மனுப் போட வேண்டியவர் அங்கிருக்கும் முதலாளி. அவர் 'இந்த ஆள் எனக்கு வேண்டும்' என்று அவருடைய அரசாங்கத்திடம் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டதாரிகளுக்கு 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்'. விண்ணப்பிப்பது கம்பெனி. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி என்று வைத்தார்கள். வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். 2023 செப்டம்பரிலிருந்து படிப்பு, சம்பளம், கம்பெனியில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்து மார்க்கும் போடுகிறார்கள். 'ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியில் எம்ப்ளாய்மென்ட் பாஸ்' என்று யாராவது சொன்னால், அவர் கணக்கில் வீக் அல்லது உங்களை அப்படி நினைக்கிறார்.

துபாய், அபுதாபி பக்கமும் அப்படியே. கம்பெனி அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். டிகிரி சான்றிதழை இங்கே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அவர்கள் தூதரகம் என்று வரிசையாக முத்திரை குத்தி எடுத்துப்போகச் சொல்வார்கள். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம். வேலை பார்க்கக் கூடாது. ஒரே ஓர் எழுத்து மாற்றம் மாதிரி தோன்றும். மாட்டினால் அபராதம், நாடு கடத்தல்.

வேலை கையில் இல்லாமலே போய்த் தேட முறைப்படி ஒரு விசா உண்டா? ஜெர்மனியில் உண்டு. 2024 ஜூன் 1 முதல் 'சான்சன்கார்ட்டே' என்கிறார்கள். வாய்ப்பு அட்டை! படிப்பு, அனுபவம், மொழி, வயது என்று சேர்த்து 6 பாயின்ட் வேண்டும். ஒரு வருஷம் வரை தங்கித் தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். ஆனால் அந்த ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதத்துக்கு 1,091 யூரோ. இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கான விசாவை வருஷத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அங்கே ஆளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் ஜெர்மன் மொழி தெரிந்த ஆளுக்குத்தான் தட்டுப்பாடு!

அங்கேயே போய்ப் படித்துவிட்டு வேலை தேடுவது இன்னொரு வழி. ஜெர்மனியில் பட்டம் வாங்கினால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். பிரிட்டன் 2021-லிருந்து, படித்து முடித்தவர்களுக்கு 2 வருஷம் கொடுத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான் என்று 2025-ல் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் தங்க, 'ஸ்கில்டு ஒர்க்கர்' விசா வேண்டும். அதற்கான பொதுவான சம்பள வரம்பை 2025 ஜூலையில் வருஷத்துக்கு 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள்.

அமெரிக்கா? படித்து முடித்ததும் ஒரு வருஷம் வேலை செய்யலாம். விஞ்ஞானம், இன்ஜினீயரிங் என்றால் கூடுதலாக 24 மாதம். அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. வரிசையில் நிற்பவர்களோ லட்சக்கணக்கில். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் உத்தரவு வேறு. புதுப்பட்டியிலிருந்து நேராக எச்-1பி-யில் குதிக்கலாம் என்று எவராவது ஆசை காட்டினால், அந்த ஒரு லட்சம் டாலரைக் கட்டப்போகும் புண்ணியவான் யார் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது இனிஷியலுக்கு வருவோம். நம் ஊரில் 'எஸ். குமார்' என்றால் போதும். வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போதாது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அது முழிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு டூரிஸ்ட், விசிட் விசாவில் அனுமதியில்லை என்றது. பிறகுதான் அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் சரி என்று இறங்கி வந்தது. பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு விதம், டிகிரியில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம் என்று பெயர் இருந்தால், இப்போதே உட்கார்ந்து சரி செய்துகொள்ளுங்கள். செலவு கொஞ்சம், நிம்மதி நிறைய.

*

"ஏஜென்ட்டே வேண்டாம்ங்கிறீங்களா சார்?"

அப்படிச் சொல்லவில்லை. மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். பணத்துக்கு ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றைச் சென்னையில் நடத்தி வருகிறது. நர்ஸ், டெக்னீஷியன், டிரைவர் என்று ஆள் எடுக்கிறார்கள்.

கொத்தனார் இடையில் புகுந்தார். "இவ்வளவு எதுக்கு சார்? மருமகனே, எனக்குக் கேட்ட நாலு கேள்விய நீ உன் ஏஜென்ட்டக் கேளு. லைசென்ஸ் நம்பர் என்ன? காண்ட்ராக்ட்டு கிளம்புறதுக்கு முன்னாடி வருமா? ஒர்க் விசா யார் பேர்ல, எந்தக் கம்பெனி எடுக்குது? ரசீது தருவியா? நாலுக்கும் பதில் வந்தா நானே உன்னய மதுரை ஏர்போர்ட்ல கொண்டுபோய் விடுறேன்."

தம்பி போன் போட்டான். ஸ்பீக்கரில். டீக்கடையே ரேடியோவில் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்பது போல் சுற்றி நின்றது. மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார்.

"சொல்லுங்க ப்ரோ, பணம் ரெடியா?"

"ரெடி சார். உங்க இ-மைக்ரேட் லைசென்ஸ் நம்பர் மட்டும் சொல்லுங்க..."

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "அதெல்லாம் லேபருக்கு ப்ரோ. நீங்க கிராஜுவேட்."

"பரவால்ல சார். காண்ட்ராக்ட் காப்பி மெயில் பண்ணுங்க. நான் படிச்சுப் பார்த்துட்டுப் பணம் கட்றேன்."

"ப்ரோ, உங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னா சொல்லுங்க. இந்த சீட்டுக்கு இருபது பேர் நிக்கிறாங்க."

"ரசீது...?"

டொக்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி திரும்ப அடித்தான். நம்பர் பிளாக்! ஒன்றரை லட்ச ரூபாய் வேலை ஒன்றரை நிமிஷத்தில் காணாமல் போய்விட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். வேலையில்லாதவனுக்குப் பொய் வேலை போனாலும் துக்கம் துக்கம்தான். ரெண்டு வருஷமாக எல்லாரும் கேட்ட கேள்விக்கு அது ஒரு பதிலாக இருந்ததே!

கொத்தனார் அவன் தோளில் கை வைத்தார். "விடு மருமகனே. மதுரையில ஜெர்மன் வகுப்பு எங்க நடக்குதுன்னு விசாரி. ஆறு மாசம் ராஜபாளையம் மில்லுல மெயின்டனன்ஸ்ல நில்லு. அனுபவம்னு ஒரு பேப்பராவது கையில இருக்கும். சம்பளம் கம்மிதான். ஆனா மாசாமாசம் வரும்ல?"

தம்பி பதில் சொல்லவில்லை. போனை எடுத்து வேறு ஒரு நம்பரை அழுத்தினான். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் எங்கள் காதில் விழுந்தது.

"அம்மா... நாளைக்கு பேங்க்குக்குப் போக வேண்டாம். சங்கிலி உன் கழுத்துலயே இருக்கட்டும்... ஐயோ, வேலை போகலம்மா. அது வேலையே இல்லம்மா!"